அசலைப் போலவே

'அசலைப் போலவே இருக்கிறது' என்ற வாக்கியத்தை மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று நான் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. சொல்பவர் சபாச் செயலாளராக இருக்கலாம், பாட்டு வாத்தியாராக இருக்கலாம், மார்கழிக்கென்று அமெரிக்காவிலிருந்து வந்திறங்கிய ரஸிகராக இருக்கலாம். சொல்லப்படுவது எலெக்ட்ரானிக் தம்புராவைப் பற்றி. எந்த அசல், எந்த விதத்தில் போல, யாருடைய காதுக்கு, எங்கே உட்கார்ந்து கேட்கும்போது என்று திருப்பிக் கேட்டால், ஏதோ அபஸ்வரம் விழுந்துவிட்டது போல ஒரு பார்வை கிடைக்கும். அப்புறம் காப்பி வரும். பேச்சு மாறிவிடும்.

இது சங்கீத விவகாரம், இலக்கியப் பத்திரிகையில் இதற்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. சங்கீதத்தைப் பற்றிச் சங்கீதக்காரர்தான் பேசலாம், சிற்பத்தைப் பற்றி ஸ்தபதிதான் பேசலாம் என்ற வர்ணாசிரமம் நம்மிடையே இன்னும் பலமாக இருக்கிறது. சங்கீத விமர்சனம் என்ற பெயரில் அச்சாவது பெரும்பாலும் பாடிய உருப்படிகளின் ஜாபிதா. அதன் ஊடே 'சுருதி சுத்தமாகப் பாடினார்' என்று ஒரு வரி. அந்தச் சுருதி எதிலிருந்து வந்தது, ஒரு மரத்திலிருந்தா, ஒரு சில்லிலிருந்தா என்று எழுதிய ஒரு விமர்சனத்தை நான் படித்ததில்லை. அந்த வரி எழுதப்படாத காரணத்தால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். 1979ல் பெங்களூர்க்காரரான ஜி. ராஜ் நாராயண், பொறியியல் படித்தவர், புல்லாங்குழலும் வாசிப்பவர், எலெக்ட்ரானிக் தம்புராவைச் செய்து, அதே வருஷம் சென்னை மியூசிக் அகாடமியின் ஆண்டு மாநாட்டில் காட்டினார். ரேடெல் என்ற பெயரில் அது பெருமளவில் உற்பத்தியாயிற்று. அந்த மனிதர் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டார், அதற்கு ஒரு தீர்வைச் செய்தார், கொண்டுவந்து வித்வான்கள் முன் வைத்தார். வேண்டிய இடத்துக்குத்தான் கொண்டுவந்தார். கேள்வி கேட்க வேண்டியவர்கள் அங்கே இருந்தார்கள்.

ஹார்மோனியத்துக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். 1940ல் அகில இந்திய வானொலி அதைத் தடை செய்தது. அதன் கட்டைகள் ஸ்வரங்களை அசையாமல் நிறுத்திவைக்கின்றன, கமகம் வராது, சமமாக நறுக்கிய மேற்கத்திய இடைவெளிகள் நம் ஸ்வர ஸ்தானங்களோடு ஒட்டாது என்பவை காரணங்கள். தடை 1971ல்தான் தளர்ந்தது. அந்தத் தடையில் முரட்டுத்தனம் இருந்தது. ஹார்மோனியத்தை நம்பிப் பிழைத்தவர்களின் வயிற்றில் அடித்தது. ஆனால் அதில் ஒரு வாதம் இருந்தது. சத்தம் எப்படிப் பிறக்கிறது என்று யாரோ யோசித்திருந்தார்கள். தம்புராவுக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை. சுருதி மாதா, லயம் பிதா என்று பாட்டு வகுப்புச் சுவரில் எழுதி மாட்டிக்கொள்ளும் ஒரு சமூகம், தாயை மாற்றி வைத்தபோது ஒரு முனகல்கூட முனகவில்லை.

தம்புரா எளிய வாத்தியம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாலு தந்தி, பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம். மெட்டு கிடையாது, விரல் ஓட்டம் கிடையாது. நடுவிரலால் ஒன்று, ஆள்காட்டி விரலால் மூன்று. குழந்தைகூட மீட்டும் என்பார்கள். 1921ல் சி.வி. ராமன் அப்படி நினைக்கவில்லை. இந்தியத் தந்தி வாத்தியங்களைப் பற்றிய அவருடைய சிறிய கட்டுரை தம்புராவையும் வீணையையும்தான் எடுத்துக்கொள்கிறது. ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் கணுவாக நிற்கும் மேல் ஸ்வரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோர் பெயரில் வழங்கும் விதி. தம்புரா அந்த விதியைச் சட்டை செய்வதில்லை என்று ராமன் கண்டார். ஒலிக்கக் கூடாத ஸ்வரங்கள் அதில் பலமாக ஒலிக்கின்றன. காரணம் குதிரை. வயலினில் போலத் தந்தி ஒரு கூரிய விளிம்பின் மேல் ஏறி இறங்குவதில்லை. அகலமான, மிக லேசாக வளைந்த ஒரு பரப்பின் மேல் படுத்துக் கிடக்கிறது. அதிரும்போதெல்லாம் அந்தப் பரப்பைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. தந்திக்கும் குதிரைக்கும் நடுவில் ஒரு நூல். ஜீவாளி என்று பெயர். பெயரை வைத்தவன் கவிஞன். அல்லது வேறு வார்த்தை கிடைக்காத தச்சன். அந்த நூலை ஒரு மயிரிழை முன்னே பின்னே நகர்த்தினால் வாத்தியம் ஊமையாகிறது, அல்லது பேசுகிறது.

பேசும்போது நடப்பது இதுதான். மீட்டிய கணத்தில் மேல் ஸ்வரங்கள் ஒரு கூட்டமாகக் கிளம்பி, ஒவ்வொன்றாகக் கீழ்நோக்கி இறங்கி வருகின்றன. மந்தர ஷட்ஜத்தின் தந்தியில் ஐந்தாவது மேல் ஸ்வரமாக அந்தர காந்தாரம் யாரும் வைக்காமல் தானாக எழுகிறது. சுயம்பு என்று இதைச் சொல்வார்கள். இரண்டு சாரணிகளுக்கும் நடுவில் இருக்கும் மிகச் சிறிய பேதம் ஒரு மெதுவான அலையாகக் கேட்கிறது. நாலு தந்திகளும் ஒரே குதிரை மேல், ஒரே பலா மரக்குடத்தின் மேல் உட்கார்ந்திருப்பதால் ஒன்றை மீட்டினால் மற்ற மூன்றும் சும்மா இருப்பதில்லை. இத்தனையும் அறையின் ஈரத்தையும், மின்விசிறியையும், மீட்டும் விரலின் சதையையும் பொறுத்து மாறுகிறது. சென்னையில் டிசம்பர் மாத மாலை ஆறு மணிக்குச் சேர்த்த சுருதி, குளிர்சாதனம் ஓடும் அரங்கில் ஆறே முக்காலுக்கு அங்கேயே நிற்காது. பாடுகிறவர் கைநீட்டிப் பிருடையைத் திருகுவார், அல்லது மணியை நகர்த்துவார். பழைய கச்சேரிகளில் உருப்படிகளுக்கு இடையே இதற்கென்று ஒரு நிமிஷம் இருந்தது. பேச்சு இல்லாத நிமிஷம். சபை முழுவதும் ஷட்ஜத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

பெட்டி என்ன செய்கிறது? ஆரம்ப காலப் பெட்டிகள் மின்சுற்றில் ஒரு அலையை உண்டாக்கி, அதைத் திடீரென்று எழுப்பி மெதுவாக அடங்கவிட்டன. மீட்டல் என்பதன் கோட்டுச் சித்திரம். பிறகு வந்தவை நிஜத் தம்புராவைப் பதிவு செய்து, அந்தப் பதிவைச் சில்லில் வைத்துக்கொண்டு, வேண்டும்போது திரும்பத் திரும்ப ஒலிக்கின்றன. இப்போது அதே பதிவு கைப்பேசியில் செயலியாக இலவசமாகக் கிடைக்கிறது. பதிவு நல்ல பதிவுதான். அதில் ஜீவாளி இருக்கிறது, சுயம்பு காந்தாரமும் இருக்கிறது. ஆனால் ஒரே மீட்டல். ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான முறை அதே விரல், அதே இடம், அதே அழுத்தம். இன்னொன்று: ஒரு கட்டைக்குப் பதிவு செய்ததை வேகத்தைக் கூட்டி ஐந்து கட்டைக்கு ஏற்றினால் தந்தியின் ஸ்வரம் மட்டும் ஏறுவதில்லை, குடத்தின் நாதமும் சேர்ந்து ஏறுகிறது. மரமே சுருங்கிவிட்ட மாதிரி. நல்ல பெட்டிகள் இதற்கு மாற்று செய்கின்றன, பல கட்டைகளுக்குத் தனித்தனியே பதிவு வைத்துக்கொள்கின்றன. மட்டமானவை செய்வதில்லை. எது நல்லது, எது மட்டம் என்று சொல்லக்கூடிய ஒருவர் இந்த ஊரில் எழுத்தில் சொல்லியிருக்கிறாரா? சுருதியைப் பற்றி உபந்நியாசம் செய்பவர்கள் ஏராளம். இருபத்திரண்டு சுருதிகளைக் கணக்குப் போட்டுக் காட்டுபவர்களும் உண்டு. கடைக்குப் போய் இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் வைத்துக் கேட்டவர் யாரும் தென்படவில்லை.

இந்த இடத்தில் மேற்கே பார்க்கச் சொன்னால் நம்மவர்களுக்குக் கோபம் வரும். அதுவும் எலெக்ட்ரிக் கிதார்க்காரர்களை. காதைக் கிழிக்கும் சத்தம், நீண்ட முடி, நமக்கும் அவர்களுக்கும் என்ன? கிண்டியில் ஐ.ஐ.டி.யின் ஆண்டு விழாவில், அதற்கு சாரங் என்று பெயர், ராக் மேடையின் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அந்தப் பையன்கள் சத்தத்தைப் பற்றி எவ்வளவு நுணுக்கமாகச் சண்டை போடுகிறார்கள் என்று. (அதே சாரங் என்ற பெயரில் எலெக்ட்ரானிக் தம்புராவும் விற்கிறது. யதேச்சைதான், ஆனால் எனக்குப் பிடித்த யதேச்சை.)

அவர்களுடைய பிரச்சினை நம்முடையதேதான். எலெக்ட்ரிக் கிதார் தனியாக ஒரு வாத்தியமில்லை. தந்தியின் சத்தம் ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. அங்கே வால்வுகள், மின்மாற்றி, காகிதக் கூம்பு வைத்த ஒலிபெருக்கி. இவற்றைத் தாங்க முடியாத அளவுக்கு அழுத்தும்போது சத்தம் உடைகிறது. அந்த உடைசல்தான் அவர்களுடைய ஜீவாளி. வால்வு ஆம்ப்ளிஃபயர் கனம், சூடு, செலவு. ஆகவே அதைப் போலச் செய்யும் பெட்டிகள் வந்தன. 1995ல் ரோலண்டின் விஜி-8, 1998ல் லைன் 6 கம்பெனியின் பாட். 2011ல் ஜெர்மனியிலிருந்து கெம்பர். இது 'ப்ரொஃபைல்' எடுக்கும் பெட்டி. ஆம்ப்ளிஃபயருக்குள் வகைவகையான சோதனைச் சத்தங்களை அனுப்புகிறது. எதிரே வைத்த மைக் வழியாகப் பதிலைக் கேட்கிறது. உள்ளே போனதற்கும் வெளியே வந்ததற்கும் உள்ள உறவைக் கணக்காக்கி வைத்துக்கொள்கிறது. இப்போது அதே காரியத்தை நரம்பு வலைக் கணிப்பு செய்கிறது, அதற்கான நிரல் யாரும் எடுத்துக்கொள்ளும்படி திறந்து கிடக்கிறது.

எவ்வளவு துல்லியம்? இந்தக் கேள்வியை அவர்கள் விடவே இல்லை. திரை போட்டுக் கேட்டார்கள், இரண்டையும் ஒரே வாசிப்புக்குப் பதிவு செய்து கழித்துப் பார்த்தார்கள், எஞ்சிய சத்தத்தை அளந்தார்கள். பதிவாகக் கேட்கும்போது பெரும்பாலோருக்கு வித்தியாசம் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொண்டார்கள். நம் ஊர் வாதம் இங்கே முடிந்துவிடும். அவர்கள் வாதம் இங்கேதான் ஆரம்பித்தது.

அவர்கள் கண்டுபிடித்தவற்றில் மூன்று விஷயங்கள் நமக்கு நேராக வந்து தைக்கின்றன. பெட்டி பிரதி செய்வது ஆம்ப்ளிஃபயரை அல்ல; மைக் முன் வைத்த ஆம்ப்ளிஃபயரை. மைக் இல்லாமல், அந்த அறையில், ஒலிபெருக்கி முதுகில் மோத நின்று கேட்ட சத்தம் வேறு. அதை எந்தப் பெட்டியும் எடுக்கவில்லை, எடுப்பதாகச் சொல்லவும் இல்லை. அடுத்தது, ப்ரொஃபைல் என்பது குமிழ்களின் ஒரே ஒரு நிலை. வாத்தியக்காரன் அன்று குமிழ்களை எங்கே வைத்தானோ அந்த ஒரு கணம். அங்கிருந்து குமிழை நகர்த்தினால், நிஜ ஆம்ப்ளிஃபயர் எப்படி மாறியிருக்கும் என்பதைப் பெட்டி ஊகிக்கத்தான் முடியும். கடைசியானது, கேட்பவனுக்குத் தெரியாத வித்தியாசம் வாசிப்பவனின் விரலுக்குத் தெரிகிறது. ஓங்கி அடித்தால் வால்வுக்குப் போகும் மின்னழுத்தம் ஒரு கணம் தாழ்ந்து, சத்தம் அமுங்கி, பிறகு எழும்பும். ஒலிபெருக்கியின் அதிர்வு காற்றின் வழி திரும்பி வந்து தந்தியையே அசைக்கும். ஆம்ப்ளிஃபயர் பதில் சொல்கிறது, அந்தப் பதிலுக்கு அவன் கை மாறுகிறது. புதிய பெட்டிகள் இதிலும் கணிசமாகக் கிட்டே வந்துவிட்டன என்பவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்பவர்களும் இருக்கிறார்கள். சண்டை நடக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

இன்னொரு சங்கதியும் உண்டு. அசல் அசல் என்று கோயில் கட்டிக் கும்பிடும் மார்ஷல் ஆம்ப்ளிஃபயரே ஒரு பிரதி. 1962ல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடை ஆட்கள், ஃபெண்டரின் பாஸ்மேன் என்ற அமெரிக்க ஆம்ப்ளிஃபயரின் சுற்றைப் பார்த்து அப்படியே செய்ய முயன்றார்கள். கையில் கிடைத்த வால்வுகளும் ஒலிபெருக்கிகளும் இங்கிலாந்தினுடையவை. சத்தம் அதே மாதிரி வரவில்லை. வராமல் போனதிலிருந்துதான் ஒரு தலைமுறையின் கிதார் வந்தது. பிரதி துல்லியமாக இருந்திருந்தால் நஷ்டம். இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. நம் சங்கீதத்துக்குள் வயலின் வந்ததும் இப்படித்தான். அது ஐரோப்பிய வயலினைப் போல ஒலிக்கவேண்டும் என்று யாரும் இங்கே முயலவில்லை. தரையில் உட்கார்ந்து, வாத்தியத்தின் தலையைக் காலில் ஊன்றி, வேறொன்றாக்கிக் கொண்டார்கள். உ. ஸ்ரீநிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்து, இரட்டைத் தந்திகளை நீக்கி, ஐந்து ஒற்றைத் தந்திகளாக்கி, அதில் கமகம் பேசவைத்தபோது அவர் எதற்கும் நகல் எடுக்கவில்லை. மின்சாரத்துக்கு விரோதமாக நான் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இப்போது அந்த மூன்றையும் மயிலாப்பூருக்குக் கொண்டுவருவோம்.

பெட்டி எதைப் பிரதி செய்கிறது? மைக் முன் வைத்த தம்புராவை. தம்புரா யாருக்காகச் செய்யப்பட்டது? பாடுபவரின் காதுக்காக. அது அவர் முதுகுக்குப் பின்னால், காதுக்கு ஒன்றிரண்டு அடி தூரத்தில் நிற்கிறது. சபையோர் அதைக் கேட்பது உபரி. மைக் வந்ததும் அந்த உபரியே பிரதானமாயிற்று. ஆயிரம் பேர் உட்காரும் அரங்கில், தூணுக்குத் தூண் ஒலிபெருக்கி மாட்டிய பிறகு, நிஜத் தம்புராவும் ஒரு கூம்பிலிருந்து வருகிறது, பெட்டியும் அதே கூம்பிலிருந்து வருகிறது. பத்தாவது வரிசை ரஸிகர் இரண்டும் ஒன்றாக இருக்கிறது என்கிறார். அவர் சொல்வது சரிதான். அவர் ஒப்பிட்டது இரண்டு ஒலிபெருக்கிகளை. தம்புராவை அவர் கேட்டதே இல்லை. பெட்டி வந்து தம்புராவைத் துரத்திவிட்டது என்று புலம்பும் பெரியவர்களுக்கும் இதையே சொல்வேன். துரத்திய வேலை மைக்கோடு முடிந்துவிட்டது. அந்த மைக்கைக் கையால் அருகே இழுத்து வைத்துக்கொண்டவர்கள் இவர்கள் கொண்டாடும் அதே மேதைகள்.

அப்படியானால் சான்றிதழ் தரவேண்டியவர் பாடுபவர். அவரைக் கேட்டால் என்ன சொல்கிறார்? 'பெட்டி ரொம்பத் துல்லியம் சார், நகரவே நகராது' என்கிறார். இதைவிடச் சரியாகக் குற்றப்பத்திரிகை யாராலும் எழுத முடியாது. நகராது. குவார்ட்ஸ் கடிகாரத்தின் பிடிவாதத்தோடு அங்கேயே நிற்கும். ஸ்வரத்தின் எண்ணிக்கையில் அது தம்புராவைவிடத் துல்லியம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தம்புராவைச் சுருதி சேர்ப்பதற்கு ஒரு மாணவனுக்கு வருஷங்கள் ஆகிறது. முதல் வருஷம் சாரணிகள் இரண்டும் சேர்ந்துவிட்டதாக அவன் நினைப்பான், வாத்தியார் இல்லை என்பார். அலை அடங்குவது எப்போது என்று தெரியாது. பிறகு ஒரு நாள் தெரியும். ஜீவாளியை நகர்த்தி, காந்தாரம் எழும் இடத்தைத் தேடிப் பிடிப்பது அதற்கும் அப்புறம். இது பாட்டுக்கு முன்னால் செய்யும் வேலை இல்லை, இதுவே பாட்டு. கேட்பதற்கான பயிற்சி வேறெங்கும் இவ்வளவு நிர்வாணமாகக் கிடைக்காது. பெட்டியில் ஒரு பொத்தான். குமிழைத் திருகினால் ஐந்து கட்டை என்று எழுத்து ஒளிர்கிறது. காதுக்கு வேலை இல்லை; கண் பார்த்துக்கொள்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பெண், எட்டு வருஷம் பாட்டு கற்றவள், குரல் நன்றாக இருக்கும். வீட்டில் தாத்தாவின் தம்புரா உறை போட்டு நிற்கிறது. சேர்க்கச் சொன்னேன். கைப்பேசியில் ஒரு அளவுகோலைத் திறந்து, முள் பச்சைக்கு வரும்வரை பிருடையைத் திருகினாள். நாலு தந்தியும் பச்சை. தம்புரா பேசவில்லை. அவளுக்கு அது தெரியவும் இல்லை.

பெட்டியே கூடாது என்று சொல்ல மாட்டேன். மேற்கு மாம்பலத்தில் இரண்டு அறை வீட்டில் விடியற்காலையில் சாதகம் செய்பவளுக்கும், டொரண்டோவில் பலா மரம் பனியில் வெடித்துப்போனவனுக்கும் அது பெரிய வரம். ரயிலில் தம்புராவைத் தூக்கிக்கொண்டு போய் மாயவரத்தில் இறங்கும்போது குடத்தில் கீறல் கண்டவர்கள் என்னிடம் சண்டைக்கு வந்தால் நியாயம். அதைவிடப் பெரிய நியாயம் ஒன்று இருக்கிறது, அதைப் பழமை பேசுபவர்கள் வாயைத் திறந்து சொல்வதே இல்லை: தம்புரா போடுபவர். இரண்டரை மணி நேரம் அசையாமல், பாடுபவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு, அதிகமும் ஒரு சிஷ்யை. அழைப்பிதழில் பெயர் இருக்காது, இருந்தால் கடைசி. மேடையில் மாலை போடும்போது இவர் முறை வருவதற்குள் மாலை தீர்ந்துவிடும். சம்பளம் என்று ஒன்று இருந்தால் அதை வெளியே சொல்ல வெட்கப்படும் தொகை. குருசேவை என்ற கெளரவமான வார்த்தைக்குள் இந்தச் சுரண்டல் இத்தனை தலைமுறையாக ஒளிந்திருந்தது. பெட்டி அவரை விடுதலை செய்துவிட்டது என்று ஒருவர் வாதாடினால் நான் பாதியாவது ஒப்புக்கொள்வேன்.

ஆனால் விடுதலை செய்யவில்லை. அங்கேதான் எனக்கு ஆத்திரம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு டிசம்பரில் ஒரு சபாவில் (பெயர் வேண்டாம், ஒன்றைச் சொன்னால் மற்றவை தப்பித்துக்கொள்ளும்) முன்வரிசையில் ஓரமாக இடம் கிடைத்தது. மேடையில் பிரபல வித்வான். பின்னால் அழகான தஞ்சாவூர்த் தம்புரா, தந்த வேலைப்பாடு மாதிரி ஏதோ பளபளக்கிறது. ஒரு பெண் மீட்டிக்கொண்டிருக்கிறாள். தம்புரா நாதம் அரங்கை நிறைக்கிறது. ஆலாபனை நடுவில் வித்வான் கைகாட்ட, அவள் தம்புராவைப் படுக்கவைத்துவிட்டு ஃபிளாஸ்கைத் திறந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள். தம்புரா நாதம் நிற்கவில்லை. அவர் குடித்தார், டம்ளர் திரும்பி வந்தது, மூடி திருகப்பட்டது, தம்புரா மறுபடி நிமிர்ந்தது, விரல்கள் அசைந்தன. நாதம் முன்போலவே. அவள் பக்கத்தில் ஜரிகைத் துணிக்கடியில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. சபையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. கவனித்திருப்பார்கள், பழகிப்போயிருக்கும்.

பெட்டி தம்புராவை எவ்வளவு துல்லியமாகப் போலி செய்கிறது என்ற கேள்வியை வைத்துக்கொண்டு இத்தனை தூரம் வந்தேன். மேடையில் போலி செய்தது பெட்டி இல்லை. பெட்டி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. தம்புராதான் தம்புராவைப் போல நடித்துக்கொண்டிருந்தது, ஒரு பெண்ணின் இரண்டரை மணி நேரத்தைச் செலவழித்து. கூலி இல்லாத அந்தப் பழைய வேலை அப்படியே இருக்கிறது. அதிலிருந்து சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். கிதார்க்காரன் பெட்டியை மேடையில் எல்லோரும் பார்க்கக் காலடியில் வைத்துக்கொள்கிறான். சிலர் பின்னால் வெறும் ஆம்ப்ளிஃபயர்க் கூடுகளை அலங்காரத்துக்கு அடுக்குவதும் உண்டுதான். அங்கே அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

இதை எழுதுகிறவர்களுக்கு முன்னால் வைப்பதில் எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. 1959ல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்கியபோது புதுக்கவிதை ஒரு தகராறு. ஒவ்வொருவரும் யாப்பைக் கைவிட்டு எங்கே நிற்பது என்று தெரியாமல் தந்தியைத் திருகிக்கொண்டிருந்தார்கள். சில வருஷங்களுக்குள் அதன் ப்ரொஃபைல் எடுக்கப்பட்டுவிட்டது. உடைத்துப் போட்ட வரி, கடைசியில் ஒரு திருப்பம், நடுவில் ஒரு இருட்டு. குமிழ்களின் ஒரே நிலை. அதை வைத்து நாலு தலைமுறை எழுதியாயிற்று. இப்போது கட்டளையிட்டால் கவிதை தரும் இயந்திரம் வந்ததும் நண்பர்கள் பதறுகிறார்கள், 'அசலைப் போலவே எழுதுகிறது' என்று. எந்த அசல்? அது படித்துப் பழகியதே நாம் மைக் முன்னால் வாசித்ததைத்தானே.

நான் கேட்பது சின்ன விஷயம். மார்கழிக் காலைகளில் அகாடமியில் விளக்க உரைகள் நடக்கின்றன. வருகிற டிசம்பரில் ஒரு காலை இதற்கு ஒதுக்கட்டும். ஒலிபெருக்கி வேண்டாம். மேடையில் ஒரு பாடகர், அவருக்குப் பின்னால் திரை. திரைக்குப் பின்னால் ஒரு தஞ்சாவூர்த் தம்புரா, மீரஜிலிருந்து வந்த சுரைக்குடத் தம்புரா ஒன்று, ஒரு பெட்டி, ஒரு கைப்பேசி. ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிஷம், ஒரே ராகம். எது எது என்று பாடுபவர் சொல்லட்டும், சபையோர் வாயை மூடிக்கொண்டிருக்கட்டும். சொல்ல முடியாவிட்டால் அதையும் அச்சில் போடட்டும், நான் ஏற்றுக்கொள்கிறேன். பதினைந்தாவது நிமிஷத்தில் ஆலாபனை எங்கே போகிறது, எதை வைத்துக்கொண்டு பாடும்போது அவர் காந்தாரத்தில் அதிக நேரம் நிற்கிறார் என்பதை யாராவது குறித்துக்கொண்டால் இன்னும் நல்லது. பெட்டிக்கும் கைப்பேசிக்கும் மின்சாரம் போதும். தம்புராக்கள் இரண்டையும் மீட்ட இரண்டு பேர் வேண்டும். அவர்களுக்கு என்ன கொடுப்பது என்று செயற்குழு முதலில் கூடித் தீர்மானிக்கட்டும். நிகழ்ச்சி நிரலில் பெயரையும் போடட்டும்.